மீட்டர் எண்ணை எழுதிய ஒரு மாதம்

சென்ற மாதம் முழுவதும் இரவு படுக்கப் போகும்முன்னும் காலையில் எழுந்தவுடனும் எங்கள் வீட்டு மின்மீட்டரின் எண்ணை ஒரு பழைய நோட்டில் எழுதிவந்தேன். சுற்றுச்சூழலுக்காக இதுவரை நான் செய்தவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். ஒரு காசு செலவில்லை.

அதுவரை என் கவலையெல்லாம் விளக்குகள் மேல்தான் இருந்தது. அறையைவிட்டு வரும்போது விளக்கை அணை என்று மகளிடம் தினமும் சொல்வேன். நல்ல பழக்கம்தான், இன்றும் சொல்கிறேன். ஆனால் மின்சாரம் அதிகம் செலவானது வேறு வழியில், முதலில் தண்ணீர் ஹீட்டரில். 15 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாகவே தேவை. சாதாரண ஹீட்டரில் இதைக் குறைக்க வழியே இல்லை. தண்ணீரின் இயல்பு அப்படி. அதே அரை யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 55 மணி நேரம் எரியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே ஹீட்டரின் வெப்ப அளவைக் குறைத்தேன். குளிக்கப் போவதற்குச் சற்றுமுன் மட்டும் போடுகிறோம். துணி துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர்த் தேர்வைத் தொடுவதே இல்லை.

இரவு எண்கள்தாம் என்னைத் திகைக்க வைத்தன. எல்லோரும் தூங்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் தவிர வேறு எது ஓடுகிறது? ஒவ்வொரு கருவியாகத் தொட்டுப் பார்த்தேன். அணைத்துவைத்த தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. 10 வாட் இழுக்கும் ஒரு பெட்டி ஓய்வில்லாமல் கிடந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட் தின்றுவிடும். தினம் 5 மணி நேரம் எரியும் ஐந்து எல்.இ.டி. விளக்குகளுக்குக்கூட அவ்வளவு ஆகாது. இப்போது படுக்கும்முன் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம்.

ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் வந்துவிட்டது. ரப்பர் விளிம்பில் படிந்திருந்த அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு இறுகப் பிடித்துக்கொண்டது. புது ஃபிரிட்ஜ் வாங்குவதைப் பற்றி வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

முதல் வாரம் நாளுக்கு 8 யூனிட்டாக இருந்தது, கடைசி வாரம் 6 ஆனது.

அளக்கும் பழக்கம் வந்ததும் மற்றவையும் கண்ணில் பட்டன. குளியலறைக் குழாய் சொட்டுவதை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஓர் இரவு வாளியை வைத்தேன். காலையில் 6 லிட்டர். வாஷரை மாற்றினோம், நின்றுவிட்டது.

சமையலறைக் கழிவை மக்கவைத்து உரமாக்க, ஓட்டை போட்ட பழைய வாளி. முதல் இரண்டு வாரம் நாற்றம் தாங்க முடியவில்லை. ஈரம் மிகுந்து காற்று புகாமல் போனதுதான் காரணம். காய்ந்த சருகைத் தாராளமாகப் போட்டதும் மண்வாசனை வந்தது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. நூறாண்டு காலத்துக்குக் கணக்கிட்டால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் இந்த வாளியை நான் விடுவதாக இல்லை. ஆனால் அதில் தோலையும் காம்பையும்விட மிஞ்சிய உணவே அதிகம் விழுந்ததைப் பார்த்தபோது மனம் வலித்தது. 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும், அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. இப்போது அலமாரியைத் திறந்து பார்க்காமல் கடைக்குப் போவதில்லை.

'பசுமை' என்று சொல்லி விற்கும் பைகளையும் புட்டிகளையும் வாங்காதீர்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு சொல்கிறது. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பைகள் கிழியட்டும் முதலில்.

இந்த மாதம் நோட்டில் சமையல் எரிவாயுவுக்கும் ஒரு பக்கம். பாத்திரத்தை மூடியே சமைத்தால் சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்று பார்க்க வேண்டும். மாட்டிய தேதியை மகள் எழுதிவைத்திருக்கிறாள்.