“பவர் இருக்கு மேடம்”: அப்பாவின் சிபேப் மெஷினுக்கு விமானத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

விமானம் மீனம்பாக்கத்தை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பச்சை விளக்கு எரிந்தது. மிளகு அளவுதான் இருக்கும். இரண்டு சீட்டுக்கும் நடுவே, கீழே, முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது எரிவதைப் பார்க்க ஏழு வாரம் அலைந்தேன். இதே தேவையோடு வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நாலு வருடமாக, முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் சிபேப் மெஷின் இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை. சிகாகோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஐரோப்பா வழியாக டிக்கெட். முதல் விமானம் நள்ளிரவில் கிளம்பி பத்து மணி நேரம் பறக்கும். விசா, காப்பீடு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மாட்டிக்கொண்டது பிளக் பாயிண்டில்.

டிக்கெட் போடும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேட்டேன். “எல்லா சீட்லயும் பவர் இருக்கு மேடம்” என்றார்கள். நம்பி, அப்பா கால் நீட்ட வசதியாக இருக்குமென்று தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்குக் கூடுதல் பணமும் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து, அதே விமானத்தில் போன யாரோ எடுத்த படம் ஒன்று கண்ணில் பட்டது. திரைக்குக் கீழே சின்னதாக ஒரு யூஎஸ்பி ஓட்டை. வேறு எதுவும் இல்லை. வயிற்றைக் கலக்கியது. மறுபடி போன். இந்தத் தடவை, “சுவரில் சொருகுவது மாதிரி பின் வைத்த பிளக் பாயிண்டா?” என்று கேட்டேன். இருபது நிமிடம் பாட்டு ஓடியது. “யூஎஸ்பிதான் மேடம். பிளக் பாயிண்ட் சில வரிசைக்கு மட்டும்.” எந்த வரிசை? அது அவருக்குத் தெரியவில்லை.

அந்த மாதிரிப் பழைய யூஎஸ்பி ஓட்டையில் வருவது 5 வோல்ட். போனுக்குப் போதும். அப்பாவின் மெஷினுக்கு 24 வோல்ட் வேண்டும். “பவர்” என்ற ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் யாரிடம் கேட்டாலும் பவர் இருக்கா என்று கேட்காதீர்கள். “110 வோல்ட் ஏசி பிளக் பாயிண்ட், என் வரிசையில், எகானமியில்” என்று கேளுங்கள். கூகுள் ஃபிளைட்ஸில் தேடினாலும் விமான விவரத்தை விரித்து, பவர் அவுட்லெட் என்று போட்டிருக்கிறதா, யூஎஸ்பி மட்டுமா என்று பாருங்கள். அதுவும் பொதுவான தகவல்தான், உங்கள் வரிசைக்கான உறுதிமொழி இல்லை.

இன்னொரு விஷயம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. ஒரே மாடல் விமானம், ஏர்பஸ் ஏ330 என்றே வைத்துக்கொள்வோம், எல்லா ஏ330-ம் உள்ளே ஒரே மாதிரி இருக்காது. ஒரே நிறுவனத்திலேயே புதுச் சீட் போட்டதும் பழைய சீட்டோடு ஓடுவதும் இருக்கும். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த ஒரு வாரம் எந்தப் பதிவு எண் கொண்ட விமானங்கள் அந்தத் தடத்தில் வந்தன என்று காட்டும். அந்தப் பதிவு எண்ணை வைத்து உள்ளே எடுத்த படங்களைத் தேடலாம். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதுதான் எனக்கு வேலை. எங்கள் தடத்தில் பெரும்பாலும் பழசுதான் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் உதவியது மருத்துவப் பிரிவு. பெரும்பாலான நிறுவனங்களில் இதற்கென்று தனி மின்னஞ்சல் உண்டு, பொது எண்ணில் இருப்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை. டாக்டர் கையெழுத்திட்ட படிவம், மெஷினின் மாடல், அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதன் படம், மூன்றையும் அனுப்பினேன். கிளம்புவதற்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லியாக வேண்டும் என்றார்கள், நான் ஐந்து வாரம் முன்பே சொன்னேன். எங்கள் அடாப்டரில் 100-240 வோல்ட்டோடு, “115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ்” என்று விமானத்துக்கெனத் தனியாக ஒரு வரியும் அச்சிட்டிருந்தது. நாலு வருடம் தூசி தட்டிய அடாப்டரில் இப்படி ஒரு வரி இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: ஜன்னல் ஓரம் இரண்டு சீட், நடுவில் பிளக் பாயிண்ட். கூடவே, பிளக் பாயிண்ட் வேலை செய்யும் என்று உறுதி தர முடியாது, பேட்டரியும் எடுத்து வாருங்கள் என்று ஒரு வரி. பேட்டரியும் வாங்கினோம். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம், ஆனால் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. வீட்டில் ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்தோம். ஏழு மணி நேரத்தில் நின்றுவிட்டது. பத்து மணி நேர விமானத்துக்கும், அதற்கு மேல் தாமதமானால் அதற்கும் அது காணாது.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது சீட் வரைபடத்தைத் திறந்தால் அப்பா நடு வரிசையில், நான் அவருக்கு இரண்டு வரிசை பின்னால். விமானத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒரு மின்னஞ்சல் கிடையாது, குறுஞ்செய்தி கிடையாது. தினமும் பார்க்கிற பழக்கம் இல்லாவிட்டால் விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கும். போன் செய்தால், “ஏர்போர்ட் கவுண்டரில் பார்த்துக் கொடுப்பாங்க.” சரி, நேரிலேயே கேட்போம் என்று மறுநாள் காலை தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கி, வெயிலில் நடந்து போனேன். அந்த நிறுவனத்தின் ஜன்னல் சாத்தியிருந்தது. அவர்கள் விமானம் இருக்கிற நேரத்துக்குத்தான், ராத்திரிதான் திறப்பார்களாம். ஒரு நாள் விடுப்பு வீண். விமான நிலையத்துக்கு நேரில் போகிறவர்கள் அந்த நிறுவனத்தின் ஆள் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்று சாயங்காலமே மருத்துவப் பிரிவுக்கு பழைய பதிலை இணைத்து மறுபடி எழுதினேன். பதில் வரவில்லை. அந்தப் பழைய பதிலை மூன்று பிரதி அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் ராத்திரி நாலு மணி நேரம் முன்பே கவுண்டரில் முதல் ஆளாக நின்றோம். உட்கார்ந்திருந்தவர் மெஷின் பையைப் பார்த்ததும், “ஒருத்தருக்கு ஒரு கைப்பைதான். இதை செக்-இன்ல போடுங்க” என்றார். இது மருத்துவ உபகரணம், கைப்பைக் கணக்கில் வராது என்று உங்கள் நிறுவனமே எழுதியிருக்கிறது என்று தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் படிக்கவே இல்லை. அப்பா என் கையைப் பிடித்து, “விடும்மா, ஒரு ராத்திரிதானே, உட்கார்ந்தே வந்துடறேன்” என்றார். அந்தச் சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இறங்கும், சாதாரணமாகவே ஆக்சிஜன் குறையும். அங்கே மெஷின் இல்லாமல் அப்பா கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள், வரும்வரை நகர மாட்டேன் என்றேன். மேற்பார்வையாளராக வந்த அம்மா தாளை முழுக்கப் படித்தார். யாருக்கோ போன் போட்டார். ஐந்தே நிமிடத்தில் பிளக் பாயிண்ட் உள்ள வரிசையில் பக்கத்துப் பக்கத்து சீட், மெஷின் பைக்கு மருத்துவ அட்டை. அச்செடுத்த தாள் இல்லாமல் போகாதீர்கள். போனில் காட்டினால் பத்துப் பேரில் ஒருவர்தான் வாங்கிப் பார்ப்பார்.

பாதுகாப்புச் சோதனையில் மெஷினை வெளியே எடுக்கச் சொன்னார்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே காலி செய்துவிடுங்கள்.

விமானத்தில் உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை. மேலே போன பிறகுதான் கரண்ட் விடுவோம் என்றார் பணிப்பெண். மேலே போயும் எரியவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய அமெரிக்க பிளக் ஒயரைக் கொண்டுவந்திருந்தேன். நம் ஊர் தடித்த மூன்று பின் பிளக் அந்த ஓட்டையில் சரியாக உட்காராது, இதை மறக்காதீர்கள். அதைச் சொருகியும் ஒன்றும் இல்லை. பணிப்பெண் ஒருமுறை முன்னால் போய் அணைத்துப் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் மண்டியிட்டு, பிளக்கை முழுதாக வெளியே எடுத்து, நேராகப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார். பச்சை! எல்லா பின்னும் ஒரே நேரத்தில் உள்ளே போனால்தான் கரண்ட் வருமாம், குழந்தைகள் எதையாவது ஓட்டையில் குத்தினால் ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி ஒரு அமைப்பு. நான் சாய்த்துச் சாய்த்து, ஆட்டி ஆட்டிச் சொருகியதால்தான் அது மறுத்திருக்கிறது.

அப்பா முகமூடியை மாட்டி இருபது நிமிடம் ஆகியிருக்கும், மெஷின் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் உறைத்தது: மெஷின் விடும் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர். சூடாக்கும் தட்டும் சூடான குழாயும் சேர்ந்து இழுக்கிற கரண்ட் கொஞ்சமில்லை. சீட்டுக்குக் கொடுப்பது பல விமானங்களில் 75 வாட் அளவுதான், எங்கள் அடாப்டரே 90 வாட். வரம்பைத் தாண்டினால் தானாக நின்றுவிடும். இரண்டையும் அணைத்து, பிளக்கை உருவி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஒரே அழுத்து. அப்புறம் காலைச் சாப்பாட்டுக்கு விளக்கு போடும்வரை நிற்கவே இல்லை. ஆறு மணி நேரம் தூங்கினார். நான் தூங்கவில்லை, அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரிய லேப்டாப் சார்ஜர் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். லேப்டாப்பை அணைத்துவிட்டு சார்ஜ் போட்டுப் பாருங்கள், அல்லது வாட் குறைந்த சார்ஜரை எடுத்துப் போங்கள். பவர் பேங்க் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்ததற்குப் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்கை உபயோகிக்கவே விடுவதில்லை.

இரண்டாவது விமானம் பகல் நேரம், அதில் எல்லா சீட்டிலும் பிளக் பாயிண்ட் இருந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் பயணம் அடுத்த மாதம். மருத்துவப் பிரிவுக்கு எழுதி சீட் வாங்கியாகிவிட்டது. நேற்று ராத்திரி பார்த்தபோது சென்னைக்கு வந்தது அந்தப் பழைய விமானம்தான்.