ஆர்லிஸ்டாட்டோடு வைட்டமின் மாத்திரை: நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்

எடை குறைய டாக்டர் ஆர்லிஸ்டாட் 120 மில்லிகிராம் எழுதினார், கூடவே ஒரு மல்டிவைட்டமின். பாலக்காட்டில் ஓபி சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சுலபமாக முடிந்தது. தொல்லை தொடங்கியது கொழிஞ்சாம்பாறை வந்து மாத்திரை வாங்கியபோதுதான்.

கடைக்காரத் தம்பி இரண்டையும் ஒரே கவரில் போட்டு, மேலே ‘சாப்பிட்ட பிறகு’ என்று எழுதி நீட்டினார். சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். “சத்து மாத்திரைதானுங்க்கா, எப்பப் போட்டா என்ன, ஒண்ணும் ஆகாது” என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பல வருஷமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறவள் நான். இடைவெளி தப்பினால் மருந்து வேலை செய்யாது என்பது தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். “நேர்ல வந்து கேளுங்க” என்றார்கள். பஸ் ஏறிப் போனால் டாக்டர் லீவு! அதைப் போனிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அங்கிருந்த சிஸ்டரோ, “சீட்டுல இருக்கறபடி போடுங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சீட்டில் நேரமே எழுதியிருக்கவில்லை. அதைக் காட்டியும் பதில் இல்லை. அரை நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

விடை கிடைத்தது பொள்ளாச்சியில். வேறு வேலையாகப் போனவள் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். அங்கிருந்த பார்மசிஸ்ட் அம்மா ஆர்லிஸ்டாட் பெட்டியைத் திறந்து, உள்ளே எட்டாக மடித்திருந்த தாளை மேஜையில் விரித்து, பொடி எழுத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். நாம் சாப்பிடும் கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இந்த மருந்து உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளிவிடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். சேர்த்துப் போட்டால் அவையும் அதோடு கழிந்துவிடும். அதனால் வைட்டமின் மாத்திரையைக் குறைந்தது 2 மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். படுக்கப் போகும்போது போடுவது நல்லது. தைராய்டு மாத்திரைக்கும் ஆர்லிஸ்டாட்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் சொன்னார்.

நம் கடைகளில் பட்டையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள், தாள் பெட்டியோடு அங்கேயே நின்றுவிடுகிறது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, சீட்டிலேயே மணி போட்டுக் கொடுத்தார். காலை 6-க்குத் தைராய்டு மாத்திரை. காலையில் எண்ணெய் இல்லாத இட்லிதான் சாப்பிடுகிறேன் என்றதும் அந்த வேளை ஆர்லிஸ்டாட்டை எடுத்துவிட்டார். கொழுப்பில்லாத சாப்பாட்டுக்கு அது தேவையில்லையாம். மதியமும் இரவு ஏழரைக்கும் சாப்பாட்டோடு ஆர்லிஸ்டாட், 10 மணிக்கு மல்டிவைட்டமின். அந்தச் சீட்டை வாங்கிய பிறகுதான் நிம்மதி.

தேங்காய் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு ஆர்லிஸ்டாட்டைப் போட்டால் வயிறு படுத்தும், எண்ணெயாகவே போகும். வெளியூர்ப் பயணத்தன்று கவனம். எடைக்கு செமாக்ளுடைடு ஊசி போடுகிறவர்கள் இந்த 2 மணி நேரக் கணக்கை அதற்குப் பொருத்த வேண்டாம். அது பசியைக் குறைக்கும் மருந்து, கொழுப்பைத் தடுப்பதில்லை. வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டால், அவர் ஆர்லிஸ்டாட் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வைட்டமின் கே குறைந்தால் வார்ஃபரினின் வேகம் கூடும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.