மைனஸ் ஒன்றால் வந்த வினை

பழைய லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்றைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. சில்லுகளை இரண்டு கம்பிகளில் இணைக்கும் ஐ-டூ-சி வழியாகப் பேசும் ஒரு சென்சார் போர்டு. பெரும்பாலான இடங்களில் தடுக்கினால் அந்த டிரைவர் மைனஸ் ஒன்றைத்தான் திருப்பித் தரும். லினக்ஸின் மையமான கர்னலில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு; அதை மைனஸ் போட்டுத் திருப்பித் தருவார்கள். 1 என்றால் ஈ-பெர்ம், அதாவது ‘அனுமதி இல்லை’. அதை நம்பிக் களத்தில் இருந்தவர்கள் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டார்கள், ஃபைல் பெர்மிஷனை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் ஒயர் கழன்றிருந்தது!

இத்தனைக்கும் கீழே இருந்த ஐ-டூ-சி அடுக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. கூப்பிட்ட முகவரியில் பதில் இல்லையென்றால் அது தர வேண்டியது ஈ-என்எக்ஸ்ஐஓ, அதாவது ‘அப்படி ஒரு சாதனமோ முகவரியோ இல்லை’, எண் 6. டிரைவர்தான் அதை விழுங்கிவிட்டது. கீழிருந்து வருவதை அப்படியே மேலே அனுப்பியதிலேயே பாதி வேலை முடிந்தது. பூட் ஆகும்போது சில சமயம் மட்டும் சென்சார் காணாமல் போன புதிரும் அதிலேயே அவிழ்ந்தது. மின்சாரம் தரும் ரெகுலேட்டர் இன்னும் தயாராகவில்லை என்றால் வரும் 517, ‘பிறகு திரும்பக் கூப்பிடு’ என்று கர்னலுக்குச் சொல்வது. அதை ஈ-நோடெவ் (‘சாதனமே இல்லை’) ஆக்கினால் கர்னல் கைவிட்டுவிடும்.

ஒரு விதிவிலக்கு, அப்ளிகேஷனின் நினைவகத்திலிருந்து கர்னலுக்குத் தரவை நகலெடுக்கும் காப்பி-ஃப்ரம்-யூசர். அது தருவது பிழை எண் அல்ல, நகலாகாமல் நின்ற பைட்டுகளின் எண்ணிக்கை. அப்படியே அனுப்பினால் வெற்றி மாதிரித் தெரியும். அங்கே நாமே ஈ-ஃபால்ட் (‘தப்பான நினைவக முகவரி’) போட வேண்டும்.

அதிகம் யோசிக்க வைத்தது, அப்ளிகேஷன் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழியான ஐஆக்டில். தெரியாத கட்டளைக்கும், தெரிந்த கட்டளையில் வந்த தப்பான மதிப்புக்கும் டிரைவர் ஒரே ஈ-இன்வாலைத்தான் (‘செல்லாத மதிப்பு’, 22) கொடுத்தது. புது அப்ளிகேஷன் பழைய டிரைவரிடம் பேசும்போது, ‘இந்த வசதியே இல்லையா, நான் கேட்டது தப்பா’ என்று எப்படிப் பிரித்தறியும்? தெரியாத கட்டளைக்கு ஈ-நாட்டி (25) தருவதுதான் கர்னல் வழக்கம்.

ஆனால் யாராவது 22-ஐ நம்பியிருந்தால்? தேடிப் பார்த்தேன். எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று அந்த எண்ணைத்தான் சோதித்துக்கொண்டிருந்தது. முதலில் அதை இரண்டையும் ஏற்கும்படி மாற்றிவிட்டு, அப்புறம்தான் டிரைவரைத் தொட்டேன். வெளியாட்களும் பயன்படுத்தும் டிரைவராக இருந்திருந்தால் 22-ஐ அப்படியே விட்டிருப்பேன்.