காரணம் என்ற கட்டம்

"மேடம், காய்ச்சல்னு போட்டுக்கட்டுமா?"

லீவு விண்ணப்பத்தின் காரணக் கட்டத்தைக் காட்டி, என் வங்கிக் கிளையின் கடன் அதிகாரி கேட்டது இவ்வளவுதான். எம்.சி.யை, அதாவது மருத்துவச் சான்றிதழை, நாலாக மடித்து, டாக்டர் பெயரும் படிப்பும் அச்சிட்ட பக்கம் உள்ளே போகும்படி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். மனநல மருத்துவர்.

"காய்ச்சல் வேண்டாம். உடல்நலக் குறைவுன்னு போடுங்க. எம்.சி.யை என்கிட்ட குடுங்க, நானே கவர்ல ஒட்டி அனுப்பிடறேன்" என்றேன்.

பொய் எழுதவில்லை, விஷயமும் வெளியே போகவில்லை. சரியான பதில் என்றுதான் அன்று நினைத்தேன். இன்றும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-லிருந்து இருக்கிறது; அந்த ஊர்ப் பெயரை இன்னமும் ஒரு வசவாகவே வைத்திருக்கிறோம். கடன் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரியைப் பற்றி அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த கிளைக்கும் அது அவருக்கு முன்னால் போய்ச் சேரும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. ஆனால் அதைக் காக்கும் கடமையை அந்தப் பிரிவு சுமத்துவது சிகிச்சை தருகிறவர்கள் மேல். எம்.சி.யை வாங்கி மேலே அனுப்புகிற கிளை மேலாளர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. நானாகத்தான் முடிவு செய்தேன்.

இன்னொரு சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தீவிர மனநோயும் வருகிறது. பணிக்காலத்தில் அப்படி ஆகிவிட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அவருக்கு அந்த அளவுக்கு எதுவும் இல்லை, சிகிச்சையில் தேறிவிட்டார். ஆனாலும் நாளைக்கு ஒரு தேவை வந்தால் அவருடைய லீவு பதிவேட்டில் இருக்கப் போவது 'உடல்நலக் குறைவு' மட்டும்தான். எம்.சி. கோப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதை யார் தேடி எடுப்பார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

கிளையில் வேறு கதை ஓடியது. "நல்லாத்தானே இருந்தார், எங்கயோ இன்டர்வியூவுக்குப் படிக்கிறார்" என்றார்கள். அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகிறவர்களின் கோபத்தை எப்படிக் குறை சொல்வது? நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் இரக்கப்பட்டிருப்பார்களா, ஒதுங்கியிருப்பார்களா? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பதில் வருகிறது. அதே பாரத்தோடு அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம். மேனேஜரிடம் போய்ச் சொன்னால் கேட்பார் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் வெபினார் உண்டு. கவுன்டரில் வரிசை நிற்கும்போது யார் கேட்பது? நோட்டீஸ் போர்டில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ ஒட்டியிருக்கிறோம். அது நல்ல சேவை, கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், நானே சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு வாராக்கடன் பட்டியலைக் கேட்டு வரும் அழைப்பை அந்த எண் நிறுத்தாது.

காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இத்தனை யோசிக்கிறேன். உண்மையில் என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. அவர் லீவில் இருந்தபோது அவர் மேஜை வேலையை மூன்று பேராகப் பிரித்துச் செய்தோம். ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்டோடு வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே எல்லாக் கோப்பும் திரும்ப அவரிடம் போய்விட்டது. அப்படிப் போகாமல் இருக்க என்னிடம் ஆள் இல்லை. இன்னொரு அதிகாரி வேண்டும் என்று வட்டார அலுவலகத்துக்கு எழுதினேன். அதில் கடன் கணக்குகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன், அந்த வேலை ஒருவரை எந்த நிலைமைக்குக் கொண்டுபோனது என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆள் வந்திருக்கலாம். ஆளுக்குப் பதிலாக அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டரும் வந்திருக்கலாம்.