சட்டியின் எடை 2,340 கிராம்

மின்சாரத்தில், மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேக வைக்கிற ஸ்லோ குக்கர் வாங்கினால் உடம்பு இளைக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். எனக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருக்கிற பசிதான் பிரச்சினை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கை பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும். அப்புறம் சமைக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் நின்றுகொண்டே கொறிப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம், அதற்குமேல் உட்கார்ந்து சாப்பிடுவது தனி. ஆகவே உள்ளே நுழையும்போதே சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், அது கலோரி குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

வாங்கியது நாலரை லிட்டர் குக்கர். உள்ளே தூக்கி வைக்கிற பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலைகள் உள்ள ஒரு திருகு. இதில் தவறாகப் போக என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் நாள் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, கேரட், வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் போட்டு, அடுப்பில் வைத்தால் எவ்வளவு ஊற்றுவேனோ அவ்வளவு தண்ணீரும் ஊற்றி, லோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் மூடியைத் திறந்தால் தண்ணீர் காலையில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. கறி நார் நாராகப் பிரிந்து மிதந்தது, வாயில் போட்டால் பஞ்சு. மேலே கிடந்த கேரட் மட்டும் கடித்தால் நறுக்கென்றது. பையன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அப்பா, கோழி குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு” என்றான். மறுக்க முடியவில்லை.

அந்த ஒரு சட்டியில் மூன்று தவறுகள் இருந்தன. தண்ணீர் முதல் தவறு. அடுப்பில் நீராவி வெளியே போய்விடும், இதில் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். போதாததற்குக் காய்களும் கறியும் தம் பங்குக்குத் தண்ணீர் விடும். இப்போது வழக்கமான அளவில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்குதான் ஊற்றுகிறேன். இரண்டாவது, அடுக்கும் வரிசை. சூடு சட்டியின் பக்கச் சுவரிலிருந்தும் அடியிலிருந்தும் வருவதால் கேரட், உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியானவை அடியிலும் ஓரத்திலும் இருக்க வேண்டும், கறி அவற்றின் மேல். கறியைவிடக் கிழங்குகள் வேகத்தான் அதிக நேரம் எடுக்கும் என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. மூன்றாவது, நெஞ்சுக்கறி எட்டு மணி நேரம் தாங்காது. கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு என்பதால் வெந்த பிறகும் சூட்டிலேயே கிடந்தால் உலர்ந்துதான் போகும், சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் சரி. தொடைக்கறியில் கொலாஜன் நிறைய, நிதானமான சூட்டில் அது கரைந்து ஜெலட்டினாக மாறி கறியையும் மிருதுவாக்கும், சாற்றுக்கும் ஒரு கொழகொழப்பைத் தரும்.

கலோரி பார்க்கிற யாரும் தொடைக்கறி என்றதும் பின்வாங்குவார்கள், நானும் பின்வாங்கினேன். ஆனால் தோலை உரித்து, ஓரத்தில் தொங்கும் மஞ்சள் கொழுப்பைக் கத்தரித்துவிட்டால் பச்சைத் தொடைக்கறி 100 கிராமுக்கு ஏறக்குறைய 120 கலோரிதான், நெஞ்சுக்கறியும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் தோலில் இருக்கிறது. தோலோடு போட்டால் அதே 100 கிராம் 200-ஐத் தாண்டும். வறுக்கும்போதாவது தோல் மொறுமொறுப்பாகும், ஸ்லோ குக்கரில் ரப்பர் மாதிரி ஆகிறது. அதற்காக 80 கலோரி கொடுப்பானேன்?

ஒரு தடவை சோம்பலில் தோலோடே போட்டுவிட்டேன். இரவு மிச்சத்தை அகலமான டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளையாக ஒரு தகடு உறைந்திருந்தது. கரண்டி முனையால் நெம்பினால் பனிக்கட்டி உடைவதுபோல் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஆர்வம் தாங்காமல் தராசில் வைத்தேன், 38 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி என்றால் ஏறத்தாழ 340 கலோரி, அதாவது நான் ஒரு வேளைக்கு ஒதுக்கியிருந்த முழுச் சாப்பாடு அந்தக் கரண்டியில் இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கறி சமைத்தாலும் மறுநாள் சாப்பிடுகிற பங்கு இப்படி ஃப்ரிட்ஜில் உறைந்து, கொழுப்பு எடுத்த பிறகுதான் சூடாகும். அதைத் திரும்ப ஸ்லோ குக்கரில் சூடுபடுத்துவதில்லை. அது சூடேற எடுக்கிற நேரத்தில் கிருமிகள் குடித்தனமே நடத்திவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ நன்றாகக் கொதிக்க வைத்துவிட வேண்டும்.

அடுத்தது கலோரியை எப்படி எண்ணுவது என்ற விஷயம். இதில்தான் ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி என்று எழுதுவேன். பசியோடு எடுக்கிற இரண்டு கரண்டியும் பசியில்லாமல் எடுக்கிற இரண்டு கரண்டியும் ஒன்றா? அடியிலிருந்து கறியாக அள்ளினால் ஒரு கணக்கு, மேலாகச் சாற்றை மொண்டால் ஒரு கணக்கு. கடைசியில் வந்து சேர்ந்த வழி ரொம்ப எளிமையானது. காலிச் சட்டியை ஒரே ஒரு தடவை எடை போட்டு எழுதி வைத்துக்கொள்வது, என்னுடையது 2,340 கிராம். போடுகிற ஒவ்வொரு பொருளையும் பச்சையாகவே எடை போட்டுக் கலோரியைக் கூட்டிக்கொள்வது. வெந்த பிறகு நன்றாகக் கலக்கி, மூடி இல்லாமல் சட்டியோடு தராசில் வைத்து 2,340-ஐக் கழித்தால் உள்ளே இருக்கும் சாப்பாட்டின் எடை. இதற்குக் குறைந்தது 6 கிலோ தாங்குகிற தராசு வேண்டும். என் பழைய தராசு 5 கிலோவில் பிழை காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

போன வாரச் சட்டியின் கணக்கு இது. தோல் நீக்கிய தொடைக்கறி 800 கிராம், சுமார் 960 கலோரி. கேரட் 400 கிராம், 165. வெங்காயம் 300 கிராம், 120. தக்காளி அரைக் கிலோ, 90. காய்ந்த பார்லி 150 கிராம், 530. எண்ணெய் ஒரு டீஸ்பூன், 45. தண்ணீர் 700 மில்லி. கூட்டினால் 1,910 கலோரி. வெந்த பிறகு எடை 2,750 கிராம் சொச்சம், ஆறாகப் பிரித்தால் தட்டுக்கு 460 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 320 கலோரி. 460 கிராம் என்பது ஆழமான கிண்ணம் நிறைய வரும், பார்த்தாலே பாதிப் பசி அடங்கும். எண்ணெயைக் கவனித்தீர்களா? முன்பு வெங்காயம் வதக்கவே மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றுவேன், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. ஸ்லோ குக்கர் எதையும் கரைத்துவிடவில்லை, அடிப்பிடிக்காது என்பதால் அந்த எண்ணெய் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வெண்ணெயும் க்ரீமும் போட்டு இதே சட்டியில் தட்டுக்கு 900 கலோரியும் தாராளமாகச் சமைக்கலாம்.

எண்ணெய் குறைந்ததும் ருசி செத்துப்போனது, அதையும் சொல்ல வேண்டும். முதல் மாதம் எல்லாச் சாப்பாடும் ஒரே மாதிரி இருந்தது, மருத்துவமனைச் சாப்பாடு. எனக்குக் கைகொடுத்தவை மூன்று. தக்காளி பேஸ்டையும் வெங்காயத்தையும் அந்த ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வாணலியில் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டுப் போடுவது. மூடிய சட்டிக்குள் எதுவும் சிவக்காது, சிவப்பதெல்லாம் வெளியேதான் நடக்க வேண்டும். அடுத்தது புளிப்பு, பரிமாறும் முன் ஒரு மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் உப்புகூடக் குறைவாகப் போதும். மிளகுத்தூளும் பச்சை இலைகளும் கடைசியில்தான், காலையிலேயே போட்டால் எட்டு மணி நேரத்தில் வாசனை தீர்ந்துவிடும். சாறு கெட்டியாக வேண்டுமென்றால் க்ரீம் வேண்டாம், வெந்த காய் இரண்டு கரண்டி எடுத்து மசித்துத் திரும்பக் கலந்தாலே போதும். தயிர் சேர்ப்பதாக இருந்தால் கடைசிக் கால் மணி நேரத்தில் சேருங்கள், முன்னாலேயே போட்டுத் திரிதிரியாகப் போன அனுபவம் எனக்கு உண்டு, அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டாம்.

இனி ராஜ்மா. இதை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கறி இல்லாத நாளுக்குப் புரதமும் நார்ச்சத்தும் வேண்டும் என்று ஊற வைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடப் போனேன். அக்கா தற்செயலாகப் போனில் இருந்தாள். “தனியா கொதிக்க வச்சியாடா?” என்றாள். எதுக்கு, அதுதான் எட்டு மணி நேரம் வேகப்போகுதே என்றேன். அவள் போட்ட சத்தத்தில் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளுட்டினின் என்றொரு லெக்டின், அதாவது ஒரு வகைப் புரதம், இருக்கிறது, அரைவேக்காட்டில் நாலைந்து கொட்டை சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்க வைத்துவிடும். அதை அழிக்கக் கொதிநிலை வேண்டும், ஸ்லோ குக்கர் லோவில் அந்தச் சூட்டை எட்டாமலே வேலை செய்யக்கூடியது. இதில் விசேஷம் என்னவென்றால் 80 டிகிரி வாக்கில் இளஞ்சூட்டில் வைத்தால் நச்சுத்தன்மை பச்சைக் கொட்டையைவிட அதிகமாகவே ஆகலாம். கொட்டை மெத்தென்று ஆகியிருக்கும், வெந்துவிட்டது என்று நம்பிச் சாப்பிடுவோம். குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்க வைக்க வேண்டும், 30 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நான் அரை மணி நேரம்தான் வைக்கிறேன். டப்பாவில் வரும் வெந்த ராஜ்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மைசூர்ப் பருப்புக்கும் இவ்வளவு சடங்கு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கருவியின் மூதாதையே அவரையினக் கொட்டைகளை வேக வைக்கப் பிறந்தவள். இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ல் காப்புரிமை பெற்ற சாதனம், பிறகு நாக்ஸன் பீனரி என்ற பெயரில் விற்றது. அவருடைய நிறுவனத்தை ரைவல் 1970-ல் வாங்கி, 1971-ல் க்ராக்-பாட் என்று வெளியிட்டதும்தான் உலகம் கவனித்தது.

அந்த ராஜ்மா பயத்தில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, சட்டியில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் மூடியைத் தொடாமல் வைத்துச் சோதித்தேன். 85 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், என்னுடையது 91 காட்டியது. மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் பழக்கமும் அத்தோடு போயிற்று, ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். உறைந்த கறியை அப்படியே போடுவதும் கூடாது, கிருமிகள் பெருகுகிற 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் அது மணிக்கணக்காகக் கிடக்கும். முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுகிறேன்.

நான்கு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. அதில் பெரும்பங்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்காததால் என்றுதான் நினைக்கிறேன். கதவைத் திறக்கும்போதே வாசனை வந்தால் கை தானாகக் கிண்ணத்துக்குப் போகிறது.

காலையில் நேரமில்லை என்று ஒரு காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரவே எல்லாவற்றையும் நறுக்கிச் சட்டியிலேயே அடுக்கி, சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் குக்கரைச் சூடாகட்டும் என்று முன்கூட்டியே ஹையில் போட்டுவிட்டு, பனி மாதிரி இருந்த சட்டியைத் தூக்கி அதில் இறக்கினேன். டொக் என்று ஒரு சின்னச் சத்தம்தான். விளிம்பிலிருந்து அடிவரை தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதன் வழியாகத் தக்காளிச் சாறு கசிந்து இறங்கியது. இப்போது நறுக்கியதைக் கறி தனி, காய் தனி என்று டப்பாக்களில் வைக்கிறேன், சட்டி வெளியே சமையலறைச் சூட்டிலேயே இருக்கிறது.

மாற்றுச் சட்டி தனியாகக் கிடைத்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டில் 2340 என்பதை அடித்துவிட்டு 2415 என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற பையன், “ஏம்பா, ஏடிஎம் நம்பரை யாராவது இப்படி எழுதி ஒட்டுவாங்களா?” என்று கேட்டான்.