சுடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவருக்குப் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விடை இருக்கிறது. வெர்மாண்ட் மாநிலம் இதற்கென உரிமம் எதையும் ஒருபோதும் கேட்டதில்லை. 2003இல் அலாஸ்காவும், 2010இல் அரிசோனாவும், 2021 செப்டம்பரில் டெக்சாஸும், 2023 ஜூலையில் ஃபுளோரிடாவும் உரிமம் இன்றியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தன. 2024க்குள் இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆகிவிட்டது. நியூயார்க்கோ 2022இல் நேர் எதிர்த்திசையில் போய், 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. ஹூஸ்டனில் வசிக்கும் என் சித்தப்பா மகன் டெக்சாஸின் கட்சி. "உரிமைக்கு எதற்கு அண்ணே பரீட்சை?" என்பது அவன் வாதம்.

பரீட்சை வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பரீட்சையில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதில் பயிற்சியை ஆதரிப்பவர்களோடும் நான் முழுமையாக ஒத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்பவர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி. 2012 ஜூலை 16 அன்று, துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் ரப்பஹானக் என்னும் எண்ணெய்க் கப்பலில் இருந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகை நோக்கிக் கனரக இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். அதில் இறந்தவர் ஒருவர், காயம்பட்டவர்கள் மூவர். பிழைப்புக்காக வளைகுடாவுக்குப் போன நம் மாவட்டத்து மீனவர்கள். எச்சரித்தும் படகு விலகவில்லை என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளக் கடற்பகுதியில், எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதி இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

இரண்டு இடங்களிலும் துப்பாக்கி பிடித்தவர்கள் சீருடை அணிந்தவர்கள். உரிமத்துக்காக என் தம்பி எடுத்த பயிற்சியைப் போலப் பல மடங்கு பெற்றவர்கள். எதிரே வருவது யார், அது ஆபத்துதானா, இன்னும் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று கணிப்பதில்தான் கோளாறு நேர்ந்தது, குறி தவறவில்லை. இதை வைத்துப் பயிற்சியால் பயனில்லை என்று வாதிடுவது எளிது. எனக்கோ, சுடும் திறனை வளர்க்கும் பயிற்சியும் சுடாமல் நிற்கும் நிதானத்தை வளர்க்கும் பயிற்சியும் வேறு வேறு என்பதும், சட்டம் கட்டாயமாக்க வேண்டியது முக்கியமாக இரண்டாவதை என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

டெக்சாஸில் இப்போதும் விரும்புவோர் உரிமம் பெறலாம். வேறு மாநிலங்களுக்குப் போகும்போது உதவும் என்பதால் என் தம்பியும் பெற்றிருக்கிறான். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரையிலான அதன் வகுப்பில், உயிருக்கு ஆபத்தான பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்ற சட்டமும், சச்சரவை வன்முறையின்றித் தீர்க்கும் வழிகளும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் துப்பாக்கியை வைக்கும் முறையும் இடம்பெறுகின்றன. பாடத்திட்டம் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்முறைத் தேர்வு என்பது 3, 7, 15 கெஜத் தொலைவுகளில் அசையாத காகித இலக்கை நோக்கி 50 தோட்டாக்களைச் சுட்டு, 250க்கு 175 மதிப்பெண் எடுப்பதுதான். ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டியவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் எப்படி ஓட்டுவார் என்று அந்த எட்டு நமக்குச் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

நெருக்கடியில் குறியும்கூடக் கைகொடுப்பதில்லை. நியூயார்க் காவலர்கள் 1998 முதல் 2006 வரை ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளை ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தபோது, அவர்கள் சுட்ட தோட்டாக்களில் சராசரியாக 18 சதவீதமே இலக்கைத் தொட்டிருந்தன. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலையாளியை இரு காவலர்கள் சுட்டு வீழ்த்தியபோது, அவர்களின் தோட்டாக்களாலும் சிதறல்களாலும் வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள்.

மறைத்து எடுத்துச் செல்வது என்பதிலேயே ஒரு தனிச் சிக்கல் அடங்கியிருக்கிறது. வெளியே தெரியும் துப்பாக்கியைக் கண்டால் மற்றவர்கள் ஒதுங்கிப் போகலாம். இடுப்புக்குள் இருப்பதைப் பற்றி அவர்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லாததால் எச்சரிக்கையாக இருக்கும் முழுப் பொறுப்பும் அதை வைத்திருப்பவர் ஒருவர் தலையில் விழுகிறது. அவருக்கே அது ஆபத்தாகவும் முடியலாம். 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடா நகரில், காவலர் ஒருவரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்திய பொதுமகன், அவனுடைய துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது, அங்கு வந்த இன்னொரு காவலரால் குற்றவாளி என்று கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட பிறகு கையையும் ஆயுதத்தையும் எங்கே வைத்துக்கொள்வது என்பதைச் சில மணி நேரமாவது ஒருவருக்குப் பழக்கித்தானே ஆக வேண்டும்?

தம்பி உடனே இண்டியானாவை எடுத்துக்காட்டுவான். 2022 ஜூலையில் கிரீன்வுட் வணிக வளாகத்தில் சுடத் தொடங்கிய ஒருவனை, 22 வயது இளைஞர் சில நொடிகளில் வீழ்த்தினார். உரிமம் தேவையில்லை என்ற சட்டம் அங்கே அந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்தது. அந்த இளைஞரால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்குத் துப்பாக்கியைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. சான்றிதழ் இல்லை, பயிற்சி இருந்தது. எல்லோருக்கும் அப்படியொரு தாத்தா வாய்ப்பதில்லை என்பதால்தான் அரசு வகுப்பு தேவைப்படுகிறது.

அவனுடைய இன்னொரு வாதத்துக்கு என்னிடம் அவ்வளவு எளிதான பதில் இல்லை. கட்டணமும் இரண்டு மூன்று நாள் கூலி இழப்பும் ஏழையைத்தான் தடுக்கும். விலகிவிட்ட கணவனின் மிரட்டலுக்கு அஞ்சும் பெண்ணால் வகுப்பு தொடங்கும் தேதிவரை காத்திருக்க முடியாது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில், தனிப்பட்ட தேவையை நிரூபித்தால்தான் உரிமம் என்ற நியூயார்க் விதியை நீக்கியபோதும், பாதுகாப்புப் பயிற்சியைக் கேட்கும் உரிம முறைகளைத் தான் சந்தேகிக்கவில்லை என்றும், அளவுமீறிய கட்டணமோ தாமதமோ உரிமையையே பறிப்பதாக அமைந்தால் அவை கேள்விக்குள்ளாகலாம் என்றும் ஓர் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. பயிற்சியைக் கட்டாயமாக்கும் அரசே அதன் செலவையும் ஏற்க வேண்டும்; உடனடி மிரட்டல் உள்ளவருக்குத் தற்காலிக அனுமதி கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் பயிற்சியை முடிக்கச் சொல்லலாம்.

நம் நாட்டில் துப்பாக்கி உரிமை அல்ல, சலுகை. தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய பொருள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் தர வேண்டும் என்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அதாவது, இங்கே உரிமம் பெற்றவர் சட்டப்படியே மறைத்துத்தான் எடுத்துச் செல்கிறார். 2019 திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியது. ஐந்து ஆண்டுகளில் பார்வை மங்கும், கை நடுங்கும், குடும்பத்தில் பகை மூளும். ஆகவே முதல் விண்ணப்பத்தோடு நிற்காமல் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் பயிற்சியும் தேர்வும் நடக்க வேண்டும் என்றும், அத்தேர்வில் காகித இலக்குக்குப் பக்கத்திலேயே சுடக்கூடாத ஓர் உருவத்தையும் நிறுத்தி, அதைச் சுட்டவருக்கு மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு இருந்தாலும் உரிமம் மறுக்கப்பட வேண்டும் என்றும் நான் கேட்பேன்.