பதின்மூவாயிரம் ரூபாய்க் கட்டுரை

2023 மார்ச்சில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 39 டொலர் 95 சதம் கட்டினேன். அன்றைய டொலர் விலைக்கு 13,000 ரூபாய் மட்டில் வந்தது. அம்மாவின் பிரஷர் குளிசைக்கும் சீனி வருத்தக் குளிசைக்கும் ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வைத்த காசு அது. விடிந்தால் சுப்பர்வைசர் மிஸ்ஸைச் சந்திக்க வேண்டும் என்ற பதற்றத்தில், வெள்ளவத்தை வீட்டில் இரவு பதினொரு மணிக்கு கார்ட் இலக்கத்தை அடித்தேன்.

மூன்று நாள் கழித்து கம்பஸ் நூலகத்துக்குப் போனேன். உசாத்துணைப் பகுதியில் இருக்கும் அண்ணா அதே கட்டுரையை ஒரு சதமும் இல்லாமல் திரையில் திறந்து காட்டினார். "தங்கச்சி, காசு கட்ட முதல் எங்களிட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமே" என்றார். அவருக்கே மனவருத்தமாக இருந்தது. அன்று பின்னேரம் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்தார். வேலையும் படிப்புமாக ஓடுகிற மற்றவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சிறுவர் வார்டில் தாதி. டெங்குப் பிள்ளைகளைத் தாய்மார் ஏன் பிந்திக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடம் எங்கள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைக் கிடத்தினோம். அந்த நாட்கள்தான் என்னை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்தன.

அண்ணா முதலில் கேட்டது, "வீட்டில இருந்து தேடேக்க லொகின் பண்ணினீங்களோ?" என்று. நான் பண்ணவில்லை. நூலகம் சந்தா கட்டி எடுக்கும் சஞ்சிகைகள் கம்பஸுக்குள் இருந்து தேடினால் தாமாகத் திறக்கும். வீட்டு இணைப்பில் இருந்து போனால் நாங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது, உடனே விலையைக் காட்டும். ஆகவே நூலகப் பக்கத்தில் நுழைந்துவிட்டு, அங்கிருந்தே தேட வேண்டும். இடப்பக்கத்தில் 'முழுக் கட்டுரை', 'திறந்த அணுகல்' (எவரும் காசில்லாமல் வாசிக்கக்கூடியவை) என்று வடிகட்டும் பெட்டிகள் இருக்கும். அதுவரை நான் அவற்றைத் தொட்டதே இல்லை.

ஆனால் நான் காசு கட்டிய கட்டுரை அந்தப் பெட்டிகளிலும் அகப்படவில்லை. அதற்கான காரணம்தான் எனக்கு மிகவும் உதவியது. ஒரே கட்டுரைக்கு இரண்டு வடிவம் இருக்கலாம். ஒன்று சஞ்சிகை அச்சமைத்து வெளியிட்டது, அதற்குக் காசு. மற்றது, வேறு ஆய்வாளர்கள் வாசித்துப் பார்க்கும் மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட பிறகு எழுதியவர் கையில் இருக்கும் பிரதி. பல சஞ்சிகைகள் அந்தப் பிரதியை எழுதியவரின் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் போட அனுமதிக்கின்றன, சில வேளை ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுத்து. களவு இல்லை, முறையான வழி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்தினால் பெரும்பாலும் அது வரும். அன்பேவோல் என்ற சின்ன நீட்சியை பிரவுசரில் போட்டுவைத்தால், இலவசப் பிரதி இருக்கும் பக்கத்தில் ஒரு பூட்டு பச்சையாகத் தெரியும். அந்தப் பிரதியில் சஞ்சிகையின் பக்க எண் இராது. மேற்கோள் காட்டும்போது கவனம்.

டெங்குவைப் படிப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மருத்துவக் கட்டுரைகளின் இலவச இணையக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் உள்ளவை முழுமையாகத் திறக்கும். பிளொஸ் என்ற பதிப்பகம் வெளியிடும் வெப்பமண்டல நோய்ச் சஞ்சிகை 2007இல் தொடங்கிய நாளில் இருந்தே எல்லோருக்கும் இலவசம். எங்கள் நாட்டுச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் இருக்கிறது. 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜேர்னலும் அங்கே உண்டு. நான் வெளிநாட்டுக் கட்டுரைக்குக் காசு கட்டிய இரவில், கொழும்புப் பிள்ளைகளைப் பற்றி கொழும்பு மருத்துவர்களே எழுதியவை இலவசமாகக் கிடந்திருக்கின்றன. அதை நினைத்தால் இன்றும் மனம் சுடுகிறது.

தேடும் சொல்லைப் பற்றி ஒன்று. இங்கே டெங்கு ஆய்வுகூடத்தில் உறுதியானது 1962இல். நாட்டின் பெயர் மாறியது 1972இல். 'ஸ்ரீலங்கா' என்று மட்டும் தேடினால் அந்தப் பத்து வருடத்துக் கட்டுரைகள் நழுவிப் போகும். 'சிலோன்' என்பதையும் சேர்த்து, இரண்டுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கில 'OR' (அல்லது) போட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய ஆண்டுகளில் ஒன்றும் வராமல் இருந்ததைப் பார்த்து நானே பிடித்தேன், அன்றைக்குச் சரியான சந்தோசம்.

தமிழில் வந்த பழைய சஞ்சிகைகளுக்கு, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் தளத்தைப் பாருங்கள். காய்ச்சலைப் பற்றி எங்கள் சனம் என்ன வாசித்தது என்று அறிய அது எனக்கு உதவியது.

இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் எடுக்கவும் முடியாது. காசு வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே செய்யாமல் போடும் சஞ்சிகைகளும் திறந்தே கிடக்கின்றன. பெயர் தெரியாத சஞ்சிகை என்றால் திறந்த அணுகல் சஞ்சிகைகளின் பட்டியலான DOAJஇல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதில் இல்லையென்றால் அண்ணாவிடம் கேட்பேன். எங்கும் கிடைக்காத கட்டுரைக்கு, எழுதியவருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுவேன். ஒருவர் அடுத்த நாள் காலையே பிடிஎப்பை அனுப்பினார், கேட்காத இன்னும் இரண்டையும் சேர்த்து.

போன கிழமை இரவுக் கடமையில், புதிதாகப் படிக்கத் தொடங்கிய தங்கச்சி ஒருத்தி போனை நீட்டினாள். "அக்கா, இது காசு கேக்குது." தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, எல்லாப் பதிப்புகளையும் திறந்தோம். நான்காவது வரியில் ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியம். அவள் இறக்கி முடிக்க முன்னமே ஏழாம் கட்டில் பிள்ளையின் சேலைன் முடிந்துவிட்டது என்று தாய் கூப்பிட்டா. நான் எழும்பிப் போனேன்.